படையலில் ஒரு சிகரெட்

பச்சைமுத்துவின் பதினாறாம் நாள் காரியத்திற்காக, ஜோகுபாளையத்து ஒற்றை அறை வீட்டில் அவருடைய படத்தின் முன் தலைவாழை இலை விரிக்கப்பட்டிருந்தது. இறந்தவர் விரும்பியவற்றையெல்லாம் படையலில் வைப்பது அவர்கள் வழக்கம். கறிக்குழம்புக்கு அருகே அவருடைய அண்ணன் கோவிந்தன் ஒரு சிகரெட்டை வைத்தார்.

"அத எடுங்க மாமா," என்றாள் பச்சைமுத்துவின் மனைவி யசோதா. "அவருதான் அத விட்டுட்டாரே."

உண்மைதான். முதல் மாரடைப்புக்குப் பின், மருத்துவர் எழுதித் தந்த நிக்கோட்டின் சூயிங்கத்தை மென்றபடியேதான் அவர் ஆட்டோ ஓட்டினார். ஆசை எழும்போதெல்லாம் புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆசை அடங்காத மாலைகளில் மனைவியோடு அல்சூர் ஏரிக்கரையில் நடந்தார். ஏழு மாதங்கள் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆயினும் இரண்டாம் மாரடைப்பு வந்து, சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார்.

கோவிந்தன் சிகரெட்டை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரில கடைசி நாளு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டான்மா. உனக்குப் பயந்து நான் தரல. 'கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதண்ணா'ன்னான்."

அந்த ஆசை அவருக்கு அடங்கிவிட்டதென்றே யசோதா நம்பியிருந்தாள்.

"எங்கிட்ட கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன் மாமா," என்றாள். "ஆனா அது அடங்குற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பேன்."

பிறகு, சிகரெட்டை இலையிலேயே விட்டுவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினாள்.