ஆயிரத்து நூற்றொன்று

தேவனுக்கு அவசரம் கூடப் பிறந்தது. பாசாரில் மீன்காரன் செதில் உரித்து முடிப்பதற்குள் பையை நீட்டுவான். கல்யாணத்தன்று ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவதற்கு முன்பே முதல் முடிச்சைப் போட்டுவிட்ட மகராசன் அவன். இந்தப் பதினெட்டு வருஷமாகப் புனிதா அதையெல்லாம் சிரித்தே சமாளித்துவிட்டாள். ஆனால் இரண்டு கார் பக்கம் பக்கமாக நின்று நேராகப் பறக்கும் காடிப் பந்தயத்தில் சிரித்துச் சமாளிக்க முடியுமா? அங்கே மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடிக்கு ஒன்றாக எரியும், அதற்கப்புறம்தான் பச்சை. பச்சைக்கு ஒரு மயிரிழை முன்னால் சக்கரம் நகர்ந்தாலும் சிவப்பு எரிந்துவிடும். அப்புறம் நீ காற்றாய்ப் பறந்தாலும் தோற்றவன் தோற்றவன்தான். தேவனுக்கு வரிசையாக ஏழு தடவை சிவப்பு எரிந்திருந்தது. பந்தயச் சங்கத்தில் அவனுக்குச் 'செவப்பு தேவன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எட்டாவது பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செம்பனைக்கு மருந்தடிக்கும் சின்ன விமானம் முன்னொரு காலத்தில் இறங்கிய தோட்டத்து ஓடுபாதை அது. சங்கத்துக்காரர்கள் பெர்மிட் வாங்கி, தார் போட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பாரோயில் தங்கள் வீட்டைப் பூட்டும்போதே தேவன் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கும் செவப்பு எரிஞ்சா காடிய ஷங்கருக்குக் குடுத்துருவேன். அவன்கிட்ட பேசியாச்சு. போதும் லா, எல்லாரும் சிரிக்கிறானுங்க."

வேறொருத்தியாக இருந்தால் பீடை ஒழிந்தது என்று அன்றைக்கே ஒரு தேங்காய் உடைத்திருப்பாள். புனிதாவோ அவன் ஜெயிக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொண்டாள். தொழிற்சாலையை மூடி இவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்தக் காடி இரண்டு வருஷம் வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இவனும் உள்ளே சுவரைப் பார்த்தபடி கிடந்தான். கூப்பிட்டால் 'ம்'. சோறு வைத்தால் 'ம்'. பிறகு ஒருநாள் தானாக எழுந்து தார்ப்பாயை உருவினான். மத்தியானம்வரை எதையெதையோ கழற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வந்து, "பசியாற என்னா இருக்கு?" என்று கேட்டான். புனிதா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் தோசை ஊற்றினாள். இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், பேசுகிறான், சண்டைகூடப் போடுகிறான். அந்த மனுஷனை மறுபடியும் சுவரிடம் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஷங்கர் தெமியாங்கில் பட்டறை வைத்திருப்பவன். அந்தக் காடிமேல் அவனுக்கு ரொம்ப நாளாய் ஒரு கண். இருந்தாலும் நல்லவன், தேவனின் அவசரத்துக்கு மருந்தும் அவனே கொண்டுவந்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

"அண்ணே, பட்டனை அமுத்திக்கிட்டே இரு, மொத மஞ்சள் எரிஞ்சதும் விட்டுரு. மிச்சத்தைப் பெட்டி பாத்துக்கும். நீ வச்ச நேரம் முடியற வரைக்கும் பிரேக்கைப் புடிச்சு வச்சிருந்து, அப்புறம்தான் காடிய விடும்."

பெட்டியின் முகத்தில் பல் வைத்த நாலு சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். காலையில் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னான் ஷங்கர். தேவன் கேட்டால்தானே. பெட்டி பொறுமையாகக் காத்திருக்கும், சரி. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது அதே அவசரக்காரன்தானே. அவன் தனக்குப் பிடித்த எண்ணை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான்.

இந்தப் பேச்சு நடந்தபோது புனிதா பசியாற நாசி லெமாக் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தேவன் காடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று ஹெல்மெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"புனிதா, உள்ள கண்ணாடிய தொடச்சு விடு."

துடைக்கக் காடிக்குள் ஏறிக் குனிந்தவள் கண்ணில் பெட்டி பட்டது. ஒன்று, ஒன்று, சைபர், சைபர். ஆயிரத்து நூறு.

அவளுக்குச் சுருக்கென்றது. சைபரில் முடிகிற மாதிரி யாராவது ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குவார்களா? சீர்த்தட்டு வைத்தால் இருபத்தொன்று. அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை கோத்தால் நூற்றொன்று. ஏழு தடவை ஏன் சிவப்பு எரியாது, இப்படி மொட்டையாக எண் வைத்தால்? பெட்டியே இன்றைக்குத்தான் பந்தயத்துக்கு வருகிறது என்பதெல்லாம் அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை. கடைசிச் சக்கரத்தைப் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். டிக். ஆயிரத்து நூற்றொன்று. கண்ணாடியையும் துடைத்துவிட்டு, மனசு குளிர்ந்து இறங்கினாள்.

நேரம் குறிக்கும் கூடாரத்தில் மாதவி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புனிதா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏன் மாதவி, அந்தப் பெட்டியில ஆயிரத்து நூறுன்னு இருக்கே, அது என்னா கணக்கு?"

"ஆயிரமா? இல்லக்கா, மொத ஒன்னுக்குப் பின்னால ஒரு புள்ளி இருக்கும். ஒன்னு புள்ளி ஒன்னு, நொடி கணக்கு. பச்சைக்கு மிச்சமிருக்கிற நேரம் கை விடறதுலயும் சக்கரம் அசையறதுலயும் போயிரும். கடைசி நம்பரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு. காடி வரிசைக்கு வந்துட்டா மத்தவனுங்க கட்டுன பொண்டாட்டியக்கூடக் கிட்ட விடமாட்டானுங்க. ஒரு நம்பரு மாறுனாலும் கத முடிஞ்சிரும்."

புனிதா விருட்டென்று எழுந்து கயிற்றடிக்கு ஓடினாள். ஆறுமுகம் என்கிற காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"தாண்டக் கூடாதும்மா."

"என் வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும் அண்ணே."

"ஓடி முடிச்சு வரட்டும், நூறு வார்த்த சொல்லு."

தேவனின் காடி கோட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பாவி, நானே குடியைக் கெடுத்துவிட்டேனே என்று வாய்க்குள் முனகினாள். ஆண்டவன் புண்ணியத்தில் காடியைத் தொட்டு மனுஷன் எழுந்தான், இவள் ஒரு விரலால் திரும்பப் படுக்க வைத்துவிட்டாள். முதல் மஞ்சள். இரண்டாவது. மூன்றாவது எரிந்தபோது கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள், ஆனால் இமை கேட்கவில்லை. பச்சை எரிந்தது. பச்சையேதான். தேவன் கோட்டைத் தாண்டிப் போயேபோய்விட்டான், பக்கத்துக் காடி அவனுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்தது.

கூடாரத்துக்குத் திரும்பியபோது மாதவி ஒரு காகிதத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதப் பாரேன். பச்சைக்கும் காடி நகர்ந்ததுக்கும் நடுவுல சைபர் புள்ளி சைபர் சைபர் சைபர். இதவிடச் சரியா யாராலயும் கெளம்ப முடியாது. ஆயிரத்துல ஒரு பங்கு முந்தியிருந்தா செவப்புதான்."

புனிதா மனசுக்குள் ஒரு சின்னக் கழித்தல் போட்டாள். மறுபடியும் போட்டாள். இரண்டு தடவையும் விடை ஒன்றுதான். அதுவரை நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கிவிட்டது. யாருக்கும் காரணம் சொல்லாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

தேவன் காடியை ஓரங்கட்டும்போதே தலை கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா என் நம்பரை? ஷங்கரு கூட்டுங்கிறான். எனக்குத் தெரியாதா?"

இதை அவனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் அடுத்த சுற்றுக்கு எண்ணைச் சரிபார்க்கப் பெட்டியைக் குனிந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"இதத் தொட்டது யாரு?"

"நான்தாங்க. சைபர்ல முடிஞ்சிச்சு, மனசு கேக்கல. ஒன்னு கூட்டி வச்சேன்."

அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் உதடு கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அந்த முகத்தை அவள் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறாள்.

"அப்ப நான் வச்ச நம்பருக்கு எட்டாவது செவப்பு," என்றான் தாழ்ந்த குரலில்.

"ஆமா, செவப்புதான். நீங்க தனியா ஓட்டியிருந்தா."

தேவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஓடுபாதைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"ஷங்கரு, காடி ஒனக்குக் கெடைக்காது லா. வேற எடத்துல பாத்துக்க."