பின்வாசல் வழியாகப் பார்த்த ஹோட்டல்கள்

தரகர் கொண்டுவந்த செய்தியில் பெண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா ஸுபைராவுக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருமாம். அதனால் பெண்ணைக் கொழும்புக்கே கூட்டிவர வேண்டுமாம். “காலிமுகத்திடல் பக்கம் நல்ல ஹோட்டலா நீங்களே பார்த்து, பேரச் செல்லுங்க.”

அந்த ‘நீங்களே’தான் பரீட்சை என்று நளீராவுக்கு உடனே விளங்கியது. மகள் றம்ஸியாவுக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் வாப்பாவின் வாயால் போனவை.

வாப்பா பாறூக், பதுளையில் மரக்கறி மொத்த வியாபாரி. வெலிமடை லீக்ஸும் கறட்டும் அவருடைய லொறியில்தான் கொழும்புக்கு இறங்கும். அங்குள்ள பெரிய ஹோட்டல்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி, பின்வாசல் வழியாக. முன்பக்கம் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார்.

“அந்த உயரமான ஹோட்டலுக்கே போவமே,” என்றாள் நளீரா.

“அங்க எதக் குடுத்தாலும் எடுப்பானுகள் புள்ள. மாடு மோந்துட்டு விட்டதயெல்லாம் வெள்ளக்காரனுக்கு அவிச்சி வெக்கிறானுகள். கடலோரமா ஒரு பழைய ஹோட்டல் ஈக்கி. அங்க ஒருத்தன் கறட்ட முறிச்சி, மோந்து, பாதி லொறியத் திருப்பி அனுப்புவான். நாசமாப் போனவன். அங்கதான் போறம்.”

நளீரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மேசையில் அவர் சாப்பிட மட்டும் வாயைத் திறக்க வேண்டும்.

அந்தப் பழைய ஹோட்டலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஸரூக் ஹாஜியார் இறைச்சியிலேயே கவனமாக இருந்தார். ஸுபைரா பெண்ணின் நிறம், நடை, படிப்பு எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டாள். மாப்பிள்ளைப் பையன் தண்ணீர்க் கிளாஸை இரண்டு முறை தட்டிவிட்டான். அது றம்ஸியாவுக்குப் பிடித்திருந்தது. மகளின் காது சிவந்ததை நளீரா பார்த்தாள்.

“நல்லம்தான்,” என்றாள் ஸுபைரா. “ஆனா அந்த உயரமான ஹோட்டல எடுத்திருக்கலாமே? மூத்த மகன்ட கலியாணத்துக்கு வலீமா விருந்த நாங்க அங்கதான் வெச்ச.”

நளீரா மேசைக்கடியில் காலை நீட்டி ஓங்கி மிதித்தாள். மிதிபட்டது ஹாஜியார். அவர் மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டார்.

“எப்ப வெச்ச?” என்று கேட்டார் பாறூக்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி. உங்கட மலைப்பக்கம் மண் சரிஞ்சி ரோட்டு மூடிக் கிடந்திச்சே, அந்தக் கிழமை.”

பாறூக்கின் முகம் மலர்ந்தது. “அல்லாஹ்! அது என்ட லீக்ஸ்!”

பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. “லொறி அந்த மண்சரிவுக்குப் பின்னால நிண்டு நிண்டு, மூட்டைக்குள்ள லீக்ஸ் கஞ்சியாப் போச்சி. இந்த ஹோட்டல்காரன் மூக்கப் பொத்திட்டு கேட்டப் பூட்டினான். ஓடையில கொட்டத்தான் நெனச்ச. உயரமான ஹோட்டல்காரன்தான், ‘நாளைக்கு வலீமா ஒண்டு ஈக்கி, இறக்குங்க’ எண்டான்.”

ஸுபைரா கைலேஞ்சியை வாயில் வைத்தாள். றம்ஸியா கண்களை மூடிக்கொண்டாள். ஹாஜியார் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

“பாதி மண்டபத்துக்கு வயித்தால போன,” என்றார்.

“மன்னிச்சிக்கோங்க ஹாஜியார்,” என்றாள் நளீரா.

ஹாஜியார் அவளைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ட தங்கச்சி முஹ்ஸினா செஞ்சி கொண்டுவந்த வட்டிலப்பம்தான் காரணம் எண்டு சபையில வெச்சிச் சென்னீங்களே. அண்டைக்குப் போனவ, இன்னும் எங்கட ஊட்டுப் படி மிதிக்கல்ல.”

“வட்டிலப்பமும் அப்பிடியொண்டும் நல்லா இருக்கல்ல,” என்றாள் ஸுபைரா. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

ஹாஜியார் எழுந்து பாறூக்கின் கையைப் பிடித்தார். “முஹ்ஸினா தெஹிவளையிலதான் ஈக்கிறா. கார் வெளிய நிக்கிது. வந்து அவக்கு முன்னால இதை அப்பிடியே செல்லுங்க. கஞ்சியாப் போனதயும் விட்டுடாதீங்க.”

“அப்ப புள்ளட விசயம்?” என்று கேட்டாள் நளீரா.

“ரோட்டுல போறவன் சென்னா அவ நம்புவாவா? மகன்ட மாமனார் எண்டு செல்லித்தான் கூட்டிட்டுப் போகப் போறன்.”

ஸுபைரா கைப்பையைத் திறந்து மோதிரத்தை எடுத்தாள். “கையக் காட்டுங்க மகள்,” என்றாள், மதினியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவளின் முகத்தோடு.