டீச்சருக்கு ஹார்ன் அடிக்கலாமா?

உலகம்மைக்கு அந்த ஸ்கூட்டரில் எல்லாம் பழகிவிட்டது, ஹார்ன் ஒன்றைத் தவிர. வாங்கிய நாளிலிருந்து அந்த மஞ்சள் பொத்தானில் அவள் விரல் பட்டதே இல்லை.

2008இல்தான் திருவனந்தபுரத்து ரோடுகளில் மின்சார ஸ்கூட்டர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. வேகம் குறைவு, அதனால் லைசென்ஸ் தேவையில்லை. உலகம்மைக்கு அதுதான் பெரிய விஷயம். லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடும்போது, இன்ஸ்பெக்டர் பார்க்கிறார் என்ற நினைப்பிலேயே இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டு வந்தவள் அவள்.

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் காலேஜ் நிறுத்தம் வந்ததும் "ஆளெறங்ஙணம்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்கும் சத்தம் பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது. பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி நடந்து, குன்றேறி, பிசிக்ஸ் லேபுக்குள் நுழையும்போது பாதிக் காலை போயிருக்கும். எம்.ஃபில். கைடு பொறுத்துப் பார்த்துவிட்டு, "இனியும் தாமதமானால் லேபில் உனக்கு ஒதுக்கிய கருவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா பிச்சையா ஸ்கூட்டருக்குச் சொல்லி வைத்தார். அதன் பிறகு அவள் ஒரு நாளும் தாமதமாகவில்லை.

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியருக்குப் பின்னால் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. பைக்கில் வரும் பையன்கள் வேகத்தைக் குறைத்தால் போதும், என்ஜின் சத்தம் கேட்டு ஆசிரியரே ஒதுங்கிக்கொள்வார். உலகம்மையின் வண்டிக்கு என்ஜினும் இல்லை, சத்தமும் இல்லை. எனவே முன்னால் ஆசிரியர் யாராவது போனால், அவர் போய்ச் சேரும்வரை பின்னாலேயே ஊர்ந்து போவாள்.

அன்று முன்னால் போனவர் அனந்தலக்ஷ்மி டீச்சர். கெமிஸ்ட்ரி துறைத் தலைவர், கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடு. குடையை விரித்துக்கொண்டு, அடுத்த வகுப்புக்கான பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ரோட்டின் நட்டநடுவே நடப்பது அவர் பழக்கம். கேன்டீனிலிருந்து கெமிஸ்ட்ரி பிளாக் வாசல்வரை உலகம்மை பின்னாலேயே வந்தாள். வாசல் படியருகே டீச்சருக்குக் கண்ணாடியைக் கேன்டீனில் வைத்துவிட்ட ஞாபகம் வந்தது. சடக்கென்று திரும்பினார்.

அடுத்த நொடி டீச்சர் குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குடை ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம்.

"ஈஸ்வரா! எங்கேர்ந்துடீ முளைச்சே?"

"சாரி டீச்சர்... சாரி டீச்சர்..." இதைத் தவிர உலகம்மைக்கு ஒன்றும் வரவில்லை.

அடி எதுவும் படவில்லை. ஆனால் நடந்தது பிரின்சிபல் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. வரும் திங்கள் முதல் மின்சார வண்டிகள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே வெயில் தவிர ஒன்றும் கிடையாது. நிறுத்தவும் இடமில்லை, சார்ஜ் போடவும் வழியில்லை. அங்கே விட்டுவிட்டுக் குன்றேறினால் மறுபடி பழைய கதை, மறுபடி கைடின் முகம்.

காலேஜில் இன்னொரு மின்சார ஸ்கூட்டர் வினீத்துடையது. எம்.எஸ்சி. படிக்கும் பையன், ஆரியசாலையில் உலகம்மை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.

"அக்கா, நான் பிரின்சிபலப் பாத்துட்டேன்" என்று ஓடி வந்தான். "பத்திரமா ஓட்டுறதுக்கு ரூல்ஸ் எழுதி, சனிக்கிழம ஓட்டியும் காட்டணும். சரியா இருந்தா சம்மதமாம். நீங்கதான் எழுதணும், கேட்டோ?"

"நானா? நீ எழுதேன்."

"நான் எழுதினா அவரு வாசிக்கவே மாட்டாரு. லேப் ஜன்னல் வழியா வயர் இழுத்து சார்ஜ் போட்டவன்ல நான்."

உலகம்மை அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினாள். ஒரு வண்டியில் ஒரு ஆள்தான். ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது. நடைபாதையில் ஓட்டக் கூடாது. லேபில் சார்ஜ் போடக் கூடாது, வாட்ச்மேன் அறைக்கு வெளியே இருக்கும் பிளக்கில் மட்டும். இறக்கத்தில் வேகம் காட்டக் கூடாது. ஓட்டும்போது செல்போன் தொடக் கூடாது.

மறுநாள் வினீத் படித்துப் பார்த்தான். "என்ன அக்கா, காலேஜுக்கு ரூல்ஸ் கேட்டா எனக்கு மட்டும் எழுதியிருக்கீங்க?"

"நீ செய்யாதது எதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் வந்துட்டு."

ஆனால் முக்கியமான இடத்தில் உலகம்மையின் பேனா நின்றுபோயிருந்தது. சத்தமில்லாத வண்டி வருவது முன்னால் போகிறவருக்கு எப்படித் தெரியும்? ஹார்ன் அடிக்க வேண்டும் என்று எழுதினால், அவளே அடித்தாக வேண்டும். அதுவும் ஆசிரியருக்குப் பின்னால்.

வழி சொன்னவர் அவள் அப்பா. "மாட்டு வண்டி என்ன ஹார்ன் அடிச்சுக்கிட்டா வருது? ஒரு மணியக் கட்டு. நீ ஒண்ணுஞ் செய்யாண்டாம், அதுவா அடிச்சுக்கிடும்" என்றார். கடையை விட்டு எழுந்துபோய், பக்கத்து இரும்புக்கடையில் கைக்கு அடக்கமான ஒரு பித்தளை மணி வாங்கி வந்து, ஹேண்டிலில் அவரே கட்டியும் கொடுத்தார். உலகம்மைக்கு நிம்மதி. 'வண்டியில் எப்போதும் ஒரு மணி ஒலிக்க வேண்டும்' என்று கடைசி விதியை எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை காலை பிரின்சிபல், அனந்தலக்ஷ்மி டீச்சர், வாட்ச்மேன் மூவரும் ஆல மரத்தடியில் நின்றார்கள். உலகம்மை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கிணிங், கிணிங் என்று மணி அடித்தது. பிரின்சிபல் தலையை ஆட்டினார். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வளைவைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவும் திறந்தன. காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் ரோட்டுக்குப் பாய்ந்தார்கள்.

"ஐஸ்! ஐஸ்!"

உலகம்மை இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வண்டி நின்றது. கிணிங் என்றது மணி.

"சேச்சி, கப் ஐஸ் உண்டோ?" என்று கேட்டாள் ஒரு சின்னப் பெண், வண்டியின் பின்பக்கம் பெட்டியைத் தேடிக்கொண்டு. சனிக்கிழமைகளில் சைக்கிளில் வரும் ஐஸ்காரருக்கும் இதே மணிதான். ஊர் முழுக்க அதே மணி அடித்துத்தான் ஐஸ் விற்கிறார்கள் என்பது அரிசிக்கடைக்காரருக்குத் தோன்றவில்லை, அவர் மகளுக்கும் தோன்றவில்லை.

வினீத் மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிரின்சிபல் வேகமாக வந்தார். "இது காலேஜா, திருவிழா நடக்கும் உற்சவப் பறம்பா? ஒரு டீச்சரைத் தள்ளினது போதாதா, இனி பிள்ளைகளையுமா? மதி, போதும். வண்டி வெளியில் நிற்கட்டும்."

திங்கட்கிழமை, குன்று, லேப் எல்லாம் ஒன்றாக உலகம்மையின் கண் முன்னால் வந்தன.

பின்னாலேயே வந்த அனந்தலக்ஷ்மி டீச்சர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏண்டி, இந்த வண்டிக்கு ஹார்ன் கிடையாதோ?"

"இருக்கு டீச்சர்."

"ரிப்பேரா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே அன்னிக்கு ஏன் அடிக்கலை?"

சொல்லாமல் விட்டால் இனிச் சொல்லவே வாய்ப்பிருக்காது என்று உலகம்மைக்குப் பட்டது. "டீச்சருக்கு எப்படி ஹார்ன் அடிக்கது? மரியாதையா இருக்காதே."

"எங்கேர்ந்து என் பின்னாடி வந்தே?"

"கேன்டீன்லேர்ந்து."

"கேன்டீன்லேர்ந்தா!" டீச்சர் பிரின்சிபல் பக்கம் திரும்பினார். "கேட்டேளா சார்? என்னைச் செடியிலே தள்ளினது இவளோட மரியாதையாக்கும். வேகமில்லை." உலகம்மையிடம், "இப்போ நான் நடக்கப் போறேன். நீ அடி. எட்டத்திலேயே அடிக்கணும், முதுகிலே வந்து அடிக்கப்படாது."

குடையை விரித்துக்கொண்டு டீச்சர் ரோட்டின் நடுவே நடக்க ஆரம்பித்துவிட்டார். உலகம்மை மணியைக் கழற்றி, எழுந்து வந்திருந்த வினீத் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினாள். கட்டைவிரல் மஞ்சள் பொத்தானின் மேல் போய் நின்றது. அழுத்தினாள். பீ என்று கோழிக்குஞ்சு போல ஒரு சத்தம்.

"நேக்குக் கேக்கலை!" டீச்சர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டி ஓட்டும்போது அது முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அழுத்தினாள்.

பீஈஈஈஈம்!

டீச்சர் நிதானமாக ஓரம் ஒதுங்கி, போ என்று குடையால் வழி காட்டினார். உலகம்மை கடந்து போனாள். வளைந்து திரும்பி வரும்போது ரோட்டின் நடுவே பிரின்சிபல் நின்றுகொண்டு, ஐஸ் கிடைக்காத பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

உலகம்மையின் கட்டைவிரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

எட்டத்திலேயே அடித்தாள். பிரின்சிபல் ஒரு துள்ளலில் ஓரத்துக்குப் போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் வண்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். கடைசியில் தானும் சிரித்துவிட்டார்.

"சரி. விதியில் மணியை வெட்டி, அந்த இடத்தில் ஹார்ன் என்று எழுதிக் கொண்டு வா" என்றார். "முன்னால் யாராயிருந்தாலும் அடிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள். பிரின்சிபல் உட்பட."

திங்கட்கிழமை காலை கேட்டருகே அனந்தலக்ஷ்மி டீச்சர் இரண்டு பெரிய பைகளோடு நின்றிருந்தார். உலகம்மையைப் பார்த்ததும் குடையை மடக்கினார்.

"நல்ல வேளை வந்தே. பரீட்சைப் பேப்பர், ஒரே கனம். பின்னாடி ஏறிக்கறேன், மேலே விட்டுடு."

உலகம்மை வண்டியை நிறுத்தினாள். வாட்ச்மேன் அறைச் சுவரில் விதிகள் புதிதாக ஒட்டியிருந்தன. "ஒரு வண்டியில ஒரு ஆள்தான் டீச்சர்" என்றாள். அவள் சொன்னது வாட்ச்மேனுக்கே கேட்டது.

"எந்தக் கழுதைடீ அந்த ரூலை எழுதினது?"

"நான்தான் டீச்சர்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு பைகளையும் தூக்கி வண்டியின் கால் வைக்கும் தட்டில் வைத்தார். "பேப்பர் ஆளில்லையே? ஜாக்கிரதையாக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு, ரோட்டின் நடுவே நடக்க ஆரம்பித்தார்.

உலகம்மை பைகளுக்கு இருபுறமும் காலை ஒடுக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச தூரத்திலேயே ஹார்ன் அடித்தாள்.