கடைசி வரிசையில் ஆல்டன்

"உனக்கு அந்த நாற்காலிதான் ஆல்டன். கடைசி வரிசை."

"டேய் வெண்டல், இத்தனை வருஷமா முன்னாடி உட்கார்ந்தவன் நான். நீ கண்டுக்காம விட்டா யாரு கேக்கப் போறாங்க?"

"வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நீயே கேட்டிருப்ப. ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிட்ட. இப்ப நீ வேற ஊர்க்காரன். போய் உக்காரு."

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் எங்கள் ஊர்க்கூட்டம் மார்ச் முதல் செவ்வாயன்று நடக்கும். வெண்டல்தான் தலைவர். தேர்தல் வந்தால் அவர் வாசலிலும் ஆல்டன் வாசலிலும் ஒரே பழமைவாதக் கட்சியின் பலகைதான் நிற்கும். இருந்தாலும் வெண்டல் இளகவில்லை.

ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் தீயணைப்புக் குழுவைக் கலைத்துவிட்டு, மாவட்டத்திடம் ஒப்படைக்கலாமா என்று அன்று வாக்கெடுப்பு. அக்டோபரில் ஆல்டனின் வீடு எரிந்தபோது அந்தக் குழுதான் அவர் மகள் மேவை ஜன்னல் வழியாக வெளியே கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் ஆற்றுக்கு அப்பால் வீடு வாங்கினார். குழுவுக்காகப் பேசத்தான் அவர் வந்திருந்தார். ஆனால் வெளியூர்க்காரர் பேசக் கூட்டம் முழுவதும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முடியாது. போன வருடம் எதிர்க்கட்சிக்காரி லோயிஸ் கார்வர் அழைத்து வந்த தலைநகர் அதிகாரி வாய் திறக்க முடியாமல் போனது, ஆல்டன் ஒருவரின் மறுப்பால்தான்.

கூட்டத்தின் மதியச் சாப்பாட்டுக்கான பீன்ஸ் பானையோடு லோயிஸ் அந்தப் பக்கம் வந்தாள்.

"என்ன ஆல்டன், அங்கேயிருந்து மேடை தெரியுதா?"

"உன் தொப்பிதான் மறைக்குது."

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"இல்ல. அரசியல் சட்டம் எழுதினவங்க தங்களையே நம்பல. அதான் எல்லா அதிகாரத்துக்கும் வேலி போட்டாங்க. எனக்கு மட்டும் அதுல கதவு வைக்கச் சொல்ல முடியுமா?"

"இதை உங்க கட்சித் தலைவருங்ககிட்ட சொல்லிப் பாரேன்."

"சொல்லிட்டுதான் இருக்கேன். அவங்களுக்குக் காது கேக்கல."

லோயிஸ் சிரித்துவிட்டு, நொண்டியபடி பின்னால் வந்த தன் கணவன் ஹாலிஸுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தீப்பிடித்த அன்று ஏணியில் ஏறி மேவைத் தூக்கியவர் அவர்தான். இறங்கும்போது விழுந்து முழங்கால் போனது. அறுபது வயதுக்காரர் இனி ஏணி ஏறக்கூடாது, பயிற்சி பெற்றவர்கள் வரட்டும் என்பது அவள் வாதம்.

ஆல்டன் ஹாலிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெண்டலைப் பார்த்தார். நண்பனுக்காகக்கூட விதியை வளைக்காத ஒருவர் கூட்டத்தை நடத்துகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தும் ஆல்டனுக்கு மனம் நிறைந்திருந்தது. இப்படி ஓர் ஊரில் இத்தனை காலம் வாழக் கிடைத்ததே என்று நினைத்தார்.

தீயணைப்புக் குழுவின் முறை வந்தது. ஆல்டன் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"தலைவரே, எனக்கு இங்க ஓட்டு இல்ல. ஹாலிஸுக்கு நன்றி சொல்லணும். அப்புறம் அவர் மனைவிக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்லணும். ரெண்டுக்கும் இந்தக் கூட்டத்தோட அனுமதி கேக்கறேன்."

வெண்டல் மேசையில் தட்டும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மறுப்புச் சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?"