செக்ரோலில் வாசித்த பெயர்

மருமகள் ஜெஸ்லின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கையில் செல்போனோடு, "மாமா, அத்தை பேரையே வெச்சிரலாமுங்களா?" என்று கேட்டபோது தேவசிகாமணி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

குளோத்தில்தா. இறந்து மூன்று வருஷமான அவர் மனைவியின் பெயர். எப்போதோ ஒரு பிரெஞ்சுச் சாமியார் ஞானஸ்நானத்தில் வைத்துவிட்டுப் போனது. சேர்வராயன் மலை முழுக்கச் சல்லடை போட்டாலும் அந்தப் பெயரில் இன்னொருத்தி கிடையாது. இப்போது யாருமே வைப்பதில்லை என்று செல்போனும் சொல்லிவிட்டதாம். ஜெஸ்லினுக்கு அதுதான் பிடித்தது. பாவம், அவள் வகுப்பில் மூன்று ஜெஸ்லின்கள். 'ரெண்டாவது பெஞ்சு ஜெஸ்லின்' என்றே பள்ளிக்கூடக் காலத்தை ஓட்டியவள்.

மகன் பென்னிதான் முறுக்கிக்கொண்டான். செல்போன் அதை உச்சரித்துக் காட்டியதும், "இது பேரா, காய்ச்சல் மாத்திரையா?" என்றான். அம்மாவையே இந்த ஊரில் ஒருத்தராவது ஒழுங்காகக் கூப்பிட்டதுண்டா என்று கேட்டான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜெஸ்லினின் அண்ணன் எல்வின்தான் ஞானத்தகப்பன். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது சாமியார் பெயர் கேட்கையில் அவன் தடுமாறாமல் சொன்னால் குளோத்தில்தா; தடுமாறினால் ஆஷ்லின். ஏற்காட்டில் ஆஷ்லினுக்கா பஞ்சம்! பெற்றவர்கள் பாடு, நடுவில் நமக்கென்ன என்று தேவசிகாமணி இருந்துவிட்டார். ஆசை மட்டும் உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது.

ஒழுங்காகக் கூப்பிட்ட ஒருத்தர் உண்டு, தேவசிகாமணியேதான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக முப்பது வருஷம், காலையில் செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டைப் பிரித்து ஆட்களின் பெயர் வாசித்தவர் அவர். காப்பி பறிக்கும் பெண்கள் குளோத்தில்தாவைக் குளோத்தி, கோத்தா என்று வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புது ரைட்டர் முழுப் பெயரையும் பிசகாமல் வாசித்தார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.

அதன் பிறகும் அவள் வேலைக்கு வந்தாள், தினமும் தாமதமாக. ரைட்டர் முன்னால் கிளம்பிவிடுவார். சோறு கட்டி, பென்னியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் ஓடிவர வேண்டும். தாமதமாகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். குளோத்தில்தாவுக்குக் குரல் கொடுத்தது வெள்ளையம்மாள். "வந்துட்டிருக்காளுங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ரைட்டர் தலையைக் குனிந்து டிக் போடுவார். எவ்வளவு நல்ல காலைகள் அவை!

அவளை அடக்கம் செய்த நாலாம் நாள் வேலைக்குப் போனவர், பழக்கதோஷத்தில் அந்தப் பெயரையும் வாசித்துவிட்டார். மடத்தனம்தான். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையம்மாள் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள். அந்த மாதமே அவர் வேலையை விட்டார்.

ஞானஸ்நானத்தன்று கோயில் நிறைந்திருந்தது. வெள்ளையம்மாளும் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து மகனின் பைக்கில் வந்துவிட்டாள். வேறு சாமி கோயிலாயிற்றே என்று கதவோரமாகவே நின்றாள். குழந்தைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த எல்வின், "குளோ..." என்று ஆரம்பித்து நின்றான். மறுபடி, "குளோதி..." என்றான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பென்னி அவன் காதருகே குனிந்து, "விடு மச்சான், ஆஷ்லின்னே சொல்லிரு" என்றான். ஜெஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்வின் ஆஷ்லினுக்காக வாயைத் திறந்தான்.

தேவசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. பெற்றவர்கள் பாடாவது ஒன்றாவது! எழுந்து நின்றார்.

"குளோத்தில்தா!"

தோட்டத்துக் கடைசி மரம் வரைக்கும் கேட்கிற அதே செக்ரோல் குரல். மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

கதவோரத்திலிருந்து பதில் வந்தது.

"வந்துட்டாளுங்க, ரைட்டரே."

பென்னி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியாரிடம், "அந்தப் பேரேதானுங்க, ஃபாதர்" என்றான்.