கடைசி வாங்கு

என் மகள் றைஸா படிப்பில் மொக்கு என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான். பொய் சொல்வானேன்? நாலாம் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தெழுதினாள். ஜுனைதா டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தனியா இருத்துங்க டீச்சர். கடைசி வாங்குல. அப்பதான் புத்தி வரும்" என்றேன். டீச்சர் அன்றே அவளைக் கடைசிப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

சோம்பல் என்றுதான் நினைத்தேன். ஓதப்பள்ளியில் அவள்தானே முதல் ஆள்! மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆனில் யாஸீன் அத்தியாயம் ஓதினால் ஓர் எழுத்துப் பிசகாது. கத்தாரிலிருந்து அவள் வாப்பா போனில் கேட்டு மாஷா அல்லாஹ் சொல்வார். ஓத வருகிறவளுக்குப் படிக்க வராதா? கொழுப்பு, வேறென்ன! வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வருடம் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏச்சைத் தவிர வேறு கதையே இருக்கவில்லை.

ஒருநாள் அவள் ஓதிக்கொண்டிருக்க, ஜன்னலால் வந்த கடல்காற்று குர்ஆனின் தாள்களைப் புரட்டிவிட்டது. றைஸா நிறுத்தவில்லை. வாய் யாஸீனையே ஓதியது. விரல் வேறு சூராவின் வரிகளில் போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"மகள், எங்க பாத்து ஓதுற?"

"மத்தப் புள்ளைகள் ஓதுறதக் கேட்டுப் பாடமாக்கினது உம்மா. குனிஞ்சாத்தான் எழுத்துத் தெரியும். நீங்கதான் நிமிந்து இரி எண்டு ஏசுவீங்களே."

அல்லாஹ்வே! எல்லாருக்கும் அப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறாள் பிள்ளை.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியல்லியா?" என்று கேட்டார். தடித்த கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் நுரைச்சோலைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், தூரத்துக் காற்றாலையைக் காட்டி, "உம்மா, காற்றாடிக்கு மூணு எறக்கை இரிக்கி!" என்றாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் முன் வாங்கில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். றைஸா கடைசி வாங்கை விட்டு எழும்பவில்லை.

"வா மகள், முன்னுக்குப் போய் இரி."

"வேணாம் உம்மா. இப்ப இங்கருந்தே எல்லாம் தெரியுது."

"தனியா இரிக்கிறியே?"

"அது பழகிட்டுது" என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடியே.