உம்மாவைத் தெளிவாக்கினேன்

காசு கட்டிப் பாவிக்கும் மென்பொருள் என்றாலே எனக்கு ஆகாது. படிப்பை விட்ட நாளிலிருந்து, இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருளையும் பழைய மடிக்கணினி ஒன்றையும் வைத்துக்கொண்டு வீட்டு முன்னறையில் தொழில் செய்கிறேன். கல்யாணக் கார்ட், டியூஷன் போஸ்டர், கடைப் பெயர்ப்பலகை, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வாழ்த்து, எல்லாம் அதில்தான். மாமி மகன் நிப்றாஸ் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவனிடம் இருப்பது மாதாமாதம் காசு கட்டுகிற சாமான். கண்ட இடத்தில் எல்லாம் என்னைச் சீண்டுவான்.

"ஆகிலா, நீ இன்னமும் அந்த ஓசிச் சாமான வெச்சித்தான் மாரடிக்கிறயா?"

"ஓசி எண்டாலும் நான் சொல்றதத்தான் அது செய்யுது. உன்டது, நீ சொல்லாததையும் செய்யுது."

வாய்ச் சண்டையில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. இந்த ஒரு பேச்சையாவது நானே நம்பியிருக்கலாம்.

போன ஐப்பசியில் சொறிக்கல்முனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் செல்லத்தங்கம். மகள் யதுசாவின் கல்யாணத்துக்குக் கார்ட் அடிக்க வேண்டுமாம். நான் மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் கார்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஆர்ட மகள், புள்ள?"

"மில்லுல நெல்லு நிறுக்கிற கலந்தர்ட மகள்."

"அப்ப நஸீறாட மகளா?" என்று எழும்பிவிட்டார். "அவளும் நானும் ஒரே தையல் வகுப்புல படிச்சம் மகள். அவள்ட படம் ஒண்டு என்னட்ட இரிக்கே!"

உம்மா சுனாமியில் மௌத்தானபோது எனக்கு இரண்டு வயது. அன்று காலையில் வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சம்மாந்துறையில் மாமி வீட்டுக்குப் போயிருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். வீடு, அல்மாரி, அல்பம் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. உம்மாவின் சொந்தக்காரரும் அதே கரையில் இருந்தவர்கள்தான், அவர்களிடமும் ஒரு துண்டுப் படம் மிஞ்சவில்லை. 'மகளுக்கு உம்மாட சாயல்' என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எது அந்தச் சாயல் என்று கண்ணாடியில் தேடியே நான் வளர்ந்தேன்.

செல்லத்தங்கம் அன்டி மறுநாளே படத்தோடு வந்தார். தபாலட்டை அளவு. தையல் வகுப்பின் கடைசி நாள், கட்டடத்துக்கு வெளியே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். யாரோ தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். நிறம் மங்கிப்போயிருந்தது. உம்மாவின் முகம் ஒரு மல்லி விதை அளவுதான் இருந்தது.

"நீயே வெச்சிக்க மகள். நான் அவளக் கண்டவள். எனக்கு என்னத்துக்கு?" என்றார்.

வாப்பா மில்லிலிருந்து வந்ததும் காட்டினேன். கிட்ட வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். சீனி நோயில் அவருக்குக் கண் பார்வையும் குறைவு. "இவதான்" என்றார். பிறகு சட்டென்று படத்தை மடியில் கவிழ்த்தார். உம்மாவின் முக்காடு காற்றுக்குச் சரிந்து தோளில் கிடந்தது, அதுதான் காரணம்.

"மகள், அவட தலைய மூடி, பெரிசாக்கி, ஒரு கடதாசியில எடுத்துத் தா. அல்மாரிக்குள்ள வெச்சிப் பார்க்கிறன். வேல முடிஞ்சதும் இந்தப் படத்த எரிச்சிரு. போன்லயும் வெச்சிக்காத. அந்நிய ஆம்புளயள்ட கண்ணுல படக் கூடா. மௌத்தானவளுக்கு நம்மளால ஏலுமானது அதுதான்."

வாப்பா கடும் ஆள் இல்லை. என்னை எதற்கும் ஏசியதே இல்லை. உம்மாவின் மையித்தை, உயிர் போன உடலைக்கூட, அவர் காணவில்லை. குளிப்பாட்டவோ கபன் துணி போர்த்தவோ கிடைக்கவில்லை. அந்தக் கடனை இந்த முக்காட்டிலாவது தீர்க்க நினைத்தார். எனக்கு அது விளங்கியது. "சரி வாப்பா" என்றேன்.

என்னுடைய இலவச மென்பொருளில் ஒரு கிழமை வேலை செய்தேன். சேலையின் நிறத்தை எடுத்து, மடிப்பு மடிப்பாக முக்காட்டை நானே வரைந்தேன். அது நன்றாகவே வந்தது. முகம்தான் வரவில்லை. பெரிதாக்கப் பெரிதாக்க, மாவில் விரல் வைத்த மாதிரி இரண்டு இருட்டும் ஒரு வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. என்ன செய்தும் அதற்கு மேல் போகவில்லை. உள்ளதைத்தான் அது காட்டும். அச்சடித்து வாப்பாவிடம் கொடுத்தேன்.

வாப்பா கையை நீட்டித் தூரமாய்ப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓம். இது அவட நிப்பு. ஒரு பக்கம் சாஞ்சிதான் நிப்பா. இது காணும் மகள், போதும்."

"எனக்குக் காணாது" என்றேன். "கண்ணு எங்க வாப்பா? மூக்கு எங்க? நீங்க கண்ட ஆள், உங்களுக்கு நிப்புக் காணும். நான் காணல்லயே!"

கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்பது யார் என்று பார்ப்பதில்லை. வாப்பா தாளை என்னிடமே தந்தார்.

அன்றே ரோஷத்தை விட்டு நிப்றாஸிடம் போனேன். அவனுடைய மென்பொருளை இன்னொரு கணினியிலும் திறக்கலாம் என்று எனக்குத் தெரியும். "படத்தத் தா, நானே செஞ்சி தாறன்" என்றான். "உனக்குக் காட்ட ஏலா. உம்மாட தல திறந்திரிக்கு" என்றேன். அந்த ஒரு நாள்தான் அவன் என்னைச் சீண்டவில்லை. கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதித் தந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

ஒரு கிழமை நான் பட்ட பாட்டை அது ஒரு நிமிஷத்தில் முடித்தது. வீட்டில் அதைத் திறந்து, என் வேலையை அதில் ஏற்றி, ஒரு பொத்தானை அமத்தினேன், முகத்திலிருந்த புகை விலகியது. கண் வந்தது. இமை மயிர் ஒவ்வொன்றாக வந்தது. சிரிப்பு வந்தது, கோர்த்து வைத்ததுபோல வெள்ளைப் பல்லோடு. நான் வரைந்த முக்காட்டுக்குள்ளே இருந்து ஒரு அழகான பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உம்மா!" என்றேன். என்னை அறியாமல் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்த வாப்பா, கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். நான் அழுதுகொண்டே திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தலையில் ஈரக் கையை வைத்தார்.

"வடிவா இரிக்கு மகள்."

அன்று தொழுகையில் அவர் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்த நேரம் அதிகம். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் வாப்பாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மஃரிபு தொழுகைக்கு முன்னரே வாப்பா சொன்ன வேலையை முடித்தேன். புதிய படத்தை அச்சடித்து அல்மாரிக்குள் வைத்தேன். செல்லத்தங்கம் அன்டி நிற்கிற பாதி அவருடையது என்பதால் அதை மட்டும் கத்தரித்துப் பத்திரப்படுத்தினேன். உம்மாவின் பாதியை விறகடுப்பில் போட்டேன். தொலைபேசியில் எடுத்ததை அழித்தேன். நிப்றாஸின் கணக்கில் தானாக ஏறியிருந்ததைத் தேடி அழித்தேன். புகை மூட்டமான அந்த முதல் வேலையைப் பார்க்க எனக்கே வெட்கமாயிருந்தது. அதையும் தாளையும் விட்டுவைக்கவில்லை. கணினியின் குப்பைத்தொட்டியைக்கூட வெறுமையாக்கினேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள் அல்லவா நான்.

அடுத்த சனிக்கிழமை, அடித்து முடிந்த கல்யாணக் கார்டுகளோடு அந்தப் பாதிப் படத்தையும் உம்மாவின் புதிய படத்தில் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போனேன். செல்லத்தங்கம் அன்டி கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார். பெருமையோடு படத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆரு மகள் இது? உன்ட மச்சாளா?"

"பகிடி விடாதீங்க அன்டி. உம்மா. நீங்க தந்த படம்தான்."

அவர் திரும்பவும் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். என் மனம் நோகக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"சேல அவள்ட சேலதான். நிப்பும் அவள்தான். முகம் அவள் இல்ல புள்ள. நஸீறாக்கு முன்பல்லு ஒண்டு மத்தப் பல்லுக்கு மேல ஏறி நிக்கும். சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாப் போகும். வகுப்புல நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்பம். உன்ட வாயிலயும் அந்தப் பல்லுதானே மகள் இரிக்கு?"

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து வெட்கப்பட்டு மறைக்கும் பல் அது. கம்பி போட்டு நேராக்க வேண்டும் என்று வாப்பாவை எத்தனை தரம் நச்சரித்திருப்பேன். அவர் ஒவ்வொரு தரமும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப் போடுவார்.

மல்லி அளவு முகத்தில் பல் எங்கே தெரியப்போகிறது? இல்லாத இடத்தை அந்த மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கிறது. உலகத்தில் உள்ள ஆயிரம் பெண்களின் வாயிலிருந்து பல் பிடுங்கி என் உம்மாவுக்கு வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் உம்மா என்று கூப்பிட்டேன். ஒரு கிழமையாகக் காலையும் மாலையும் ஸலாம் சொன்னதும் அதற்குத்தான்.

"பழைய படத்த ஒருக்கா எடு, நான் காட்டித் தாறன்" என்றார் அன்டி. நான் கார்டுகளையும் அவருடைய பாதிப் படத்தையும் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தார். அவர் முன்னால் நிலத்தில் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உடைத்தே சொன்னேன்.

"வாப்பா, அது உம்மா இல்ல."

"தெரியும் மகள்."

"எப்ப தெரியும்?"

"நீ காட்டினயே, அப்பவே. அது அவட பல்லு இல்ல."

"அப்ப ஏன் சொல்லல்ல? ஏன் வாப்பா சொல்லல்ல?" அன்றும் கத்தத்தான் செய்தேன்.

வாப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"நீ உம்மா எண்டு கூப்பிட்டாய். அவ மௌத்தான நாளையில இருந்து அந்தச் சொல்ல நீ ஆரையும் பார்த்துச் சொல்லி நான் கேட்கல்ல. அத எப்படி மகள் உன்ட வாயில இருந்து பறிக்கிற?"

வாப்பாதான் என்னைத் தேற்றினார்.

"அழாத. இப்ப என்ன வந்திச்சி? முதல்ல ஒண்டு செஞ்சாயே, கண்ணு மூக்கு இல்லாம. எனக்கு அது காணும் மகள். அது அவதான். அதுமாதிரியே திரும்ப ஒண்டு செஞ்சி தா. பழைய படம் இரிக்குதானே? எரிக்காத எண்டு சொல்ல நினச்சித்தான் இரிந்தன். உன்ட சந்தோஷம் கொஞ்சம் ஆறட்டும் எண்டு பார்த்தன்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"எரிச்சிட்டயா?"

"நீங்கதானே வாப்பா சொன்னீங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் நெஞ்சில் எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது. வாப்பா தலையை ஆட்டினார். "ஓம். நான்தான் சொன்னன்" என்றார். திரும்பவும், "நான்தான் சொன்னன்" என்றார். தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார். என் முன்னால் வாப்பா அழுது நான் கண்டது அதுதான் முதல் தரம்.

பிறகு, எதையோ யாசிக்கிற குரலில் கேட்டார்.

"எரிக்கக்குள்ள ஒருக்கா நல்லாப் பார்த்தயா மகள்? எனக்குக் கண்ணு தெரியா. நீயாச்சும் பார்த்தயா?"

எத்தனையோ நாள் நான் பார்த்தது எல்லாம் திரையைத்தான். கடதாசியில் நின்ற உம்மாவை, பெரிதாக்க வேண்டிய ஒரு வேலையாகத்தான் கையில் எடுத்தேன், வைத்தேன். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல வாப்பா. தல திறந்து கிடந்திச்சே. கவுத்துத்தான் அடுப்புல போட்டன்."